பனிக்கு அடியில் ஓடும் அட்லாண்டிக்: ஸ்வால்பார்ட் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, டிராம்சோ

நார்வேயின் டிராம்சோ துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் அதிகமாக வடக்கே, ஏறத்தாழ 69.6 பாகை வட அட்சத்தில் இருக்கும் இந்த ஊரின் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குச் சில பாகைகளே கீழே செல்கிறது. இதைவிடச் சற்றுத் தெற்கே, 67.5 பாகையில் இருக்கும் சைபீரியாவின் வெர்கொயான்ஸ்கில் அதே மாதச் சராசரி மைனஸ் 45 பாகையை ஒட்டியது. சூரியன் இரண்டு ஊர்களையும் ஏறக்குறைய ஒரேபோலத்தான் நடத்துகிறது; வேறுபாட்டை உண்டாக்குவது கடல்.

வளைகுடா நீரோட்டம் ஐரோப்பாவைச் சூடாக வைத்திருக்கிறது என்று பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். பிரிட்டனும் பிரான்சும் மிதமான குளிர்காலத்தைப் பெறுவதில், கோடையில் கடல் சேமித்த வெப்பத்தை ஏந்திவரும் தென்மேற்குக் காற்றுக்குத்தான் பெரும்பங்கு உண்டு என்று பல ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் நார்வேயின் வடகரைக்கு வரும்போது அந்த வாதம் தளர்ந்துவிடுகிறது. வளைகுடா நீரோட்டத்தின் நீட்சியாக வரும் நார்வே அட்லாண்டிக் நீரோட்டம் இல்லாவிட்டால், இங்குள்ள கடலில் குளிர்காலப் பனி இன்னும் வெகுதூரம் தெற்கே இறங்கியிருக்கும். அந்த நீரோட்டம் டிராம்சோவைத் தாண்டிய பின் இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை கிழக்கே பேரன்ட்ஸ் கடலுக்குள் நுழைகிறது, மற்றொன்று ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. இந்த வாரம் நான் போகவிருப்பது இரண்டாவது கிளையின் வழியில்.

திங்கள், லாங்யியர்பியன்

விமானம் தரையிறங்கும்போது கீழே தெரிந்த மலைகளில் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஊரின் அட்சம் 78 பாகை 13 நிமிடம். அமெரிக்கரான ஜான் மன்ரோ லாங்யியரின் நிறுவனம் 1906இல் நிலக்கரிக்காகத் தொடங்கிய குடியிருப்பு இது. மலைச் சரிவுகளில் பழைய சுரங்கங்களின் மரக்கட்டுமானங்கள் இன்னும் நிற்கின்றன. சுரங்கத் தொழிலாளர்கள் கரித்தூள் உள்ளே வராதபடி காலணியை வாசலில் கழற்றிய பழக்கம் விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும் இன்றுவரை தொடர்கிறது. உலகின் இந்த மூலையில் செருப்பை வாசலில் விடுவது எனக்கு மட்டும் இயல்பாக இருந்தது. உடன் வந்த ஐரோப்பியர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள்.

இங்குள்ள விமான நிலைய வானிலை நிலையத்தில் 2020 ஜூலை 25 அன்று 21.7 பாகை பதிவானது. ஆனால் கோடையின் உச்சங்களைவிடக் குளிர்காலத்தில் நேர்ந்த மாற்றமே பெரியது. 1971க்குப் பிந்தைய அரை நூற்றாண்டுக்குள் ஸ்வால்பார்டின் வெப்பநிலை இடத்துக்கு இடம் 3 முதல் 5 பாகை வரை உயர்ந்திருக்கிறது, அதில் மிகுதி குளிர்கால மாதங்களில். இருண்ட மாதங்களில் சூரியனே இல்லை என்னும்போது இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கடலைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உறைந்த ஃபியோர்டின் (மலைகளுக்கு இடையே நிலத்துக்குள் நீளும் கடற்கரத்தின்) மேல் காற்று மைனஸ் 30 பாகைவரை குளிரலாம். காற்றைப் பொறுத்தவரை பனிமூடிய கடலும் நிலம்போலத்தான். அதே ஃபியோர்டு திறந்த நீராக இருந்தால், எவ்வளவு குளிர்ந்தாலும் அதன் மேற்பரப்பு மைனஸ் 1.8 பாகைக்குக் கீழே போகாது. அந்த நீர் குளிர்காலம் முழுவதும் தன் வெப்பத்தைக் காற்றுக்கு விட்டுக்கொண்டே இருக்கும்.

ஊருக்கு மேலே, உலகப் பயிர்களின் விதைகளைச் சேமித்துவைக்கும் விதைப் பெட்டகத்தின் வாசலை மட்டும் பார்க்க முடிந்தது. உள்ளே பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. 2008இல் திறக்கப்பட்டபோது நிலைத்த உறைமண் தானாகவே காவல் நிற்கும் என்பது கணக்கு. 2016இன் மிதவெப்பமான, மழை மிகுந்த இலையுதிர்காலத்தில் நுழைவுச் சுரங்கத்தில் நீர் புகுந்தது. விதைகளுக்கு ஒன்றும் நேரவில்லை, சுரங்கத்தைப் பின்னர் நீர்புகாதபடி மாற்றிக் கட்டினார்கள்.

செவ்வாய், ஐஸ்ஃபியோர்டின் வாய்

மாலையில் கப்பல் புறப்பட்டது. பயணிகளுக்கு மாலுமி மேடைக்குச் செல்ல அனுமதி உண்டு என்பதால் நான் பெரும்பாலும் அங்கேதான் நின்றிருந்தேன். அங்கிருந்த திரை ஒன்றில் கடல் நீரின் வெப்பநிலை ஓடிக்கொண்டிருந்தது. ஃபியோர்டின் உட்புறத்தைவிட வாய்ப்பகுதியில், திறந்த கடலை நெருங்கும்போது, அது கூடியது. கடலுக்குள் போகப் போகக் குளிரும் என்ற பொதுவான எதிர்பார்ப்பு இந்தக் கரையில் செல்லாது.

இதே வாய்ப்பகுதியில்தான் 2004இல் நீல மட்டிகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. அவை கடைசியாக இங்கு வாழ்ந்தது வைக்கிங்குகளின் காலத்தில், ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன். தெற்கிலிருந்து வந்த நீரோட்டம் மட்டியின் நுண்ணிய இளம்பருவங்களைச் சுமந்துவந்து, அவை பிழைக்கும் அளவுக்கு வெப்பத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது.

ஆல்க்ஹார்னெட் பாறை முகட்டில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. வழியில் படகோரம் பறந்த சின்னஞ்சிறு ஆக் பறவைகளைப் பற்றி வழிகாட்டி ஒரு நல்ல விஷயம் சொன்னார். அவை உண்ணும் காலனஸ் என்னும் மிதவை உயிரிகளில் ஆர்க்டிக் இனங்கள் பெரியவை, கொழுப்பு மிகுந்தவை. அட்லாண்டிக் இனம் சிறியது, கொழுப்புக் குறைந்தது. அட்லாண்டிக் நீர் மேலோங்கும் ஆண்டுகளில் பறவை அதே அளவு உணவுக்கு அதிக நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது.

புதன், நீ-ஓலெசுன்

கப்பல் கரையை நெருங்கும் முன்பே அனைவரின் கைபேசிகளும் விமான நிலைக்கு மாற்றப்பட்டனவா என்று சரிபார்த்தார்கள். வானத்தின் தொலைதூர ரேடியோ மூலங்களைக் கேட்டுப் பூமியின் சுழற்சியை அளக்கும் ஆன்டெனாக்கள் இங்கே இருப்பதால் வைஃபையும் புளூடூத்தும் தடை. அதனால் இன்றைய குறிப்பு தாமதமாகத்தான் பதிவாகும்.

78 பாகை 55 நிமிடத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரும் நிலக்கரியில் தொடங்கியதுதான். 1962இல் நடந்த விபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தபின் சுரங்கம் மூடப்பட்டு, காலப்போக்கில் ஊர் ஆய்வு நிலையங்களின் இருப்பிடமானது. இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலையில் இங்கே திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு சாதாரண மரவீடு. கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் அதை நடத்துகிறது. ஸ்வால்பார்ட் மீது நார்வேயின் இறையாண்மையை ஏற்ற 1920ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பிரித்தானியப் பேரரசின் பகுதியாக இந்தியாவும் கையெழுத்திட்டிருக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

எனக்கு அந்த வீட்டைவிட அதன் எதிரே உள்ள காங்ஸ்ஃபியோர்டுதான் முக்கியமாகப் பட்டது. 2014 ஜூலையில் இந்திய ஆய்வாளர்கள் இந்த ஃபியோர்டில் ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில் இண்ட்ஆர்க் என்ற கருவித் தொகுதியை நங்கூரமிட்டார்கள். அடியில் எடை, மேலே மிதவை, இடையே நிமிர்ந்து நிற்கும் கம்பியில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையையும் உவர்ப்பையும் நீரோட்டத்தையும் பதிவுசெய்யும் உணரிகள் என்பது இதன் அமைப்பு. கப்பல்கள் வர முடியாத குளிர்கால மாதங்களிலும் அது அளந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதன் பயன். 2006 குளிர்காலத்திலிருந்து இந்த ஃபியோர்டின் நடுப்பகுதி முன்புபோல உறைவதில்லை. அட்லாண்டிக் நீர் கண்டத்திட்டைத் தாண்டி உள்ளே புகுவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பல நாட்டு ஆய்வாளர்கள் இங்கே ஆராய்கிறார்கள்.

கோவாவின் ஓர் ஆய்வு நிலையத்துக்கு ஆர்க்டிக்கில் என்ன வேலை என்று படகில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. பனியுகக் காலத்தில் வட அட்லாண்டிக் திடீரெனக் குளிர்ந்த கட்டங்களில் எல்லாம் இந்தியப் பருவமழையும் வலுவிழந்திருந்ததை அரபிக்கடலின் அடிவண்டல்கள் காட்டுகின்றன. வடக்கே குளிர்ந்தால், வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகர்கிறது. இது இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விஷயம். அண்மைக் காலத்துக்கு வந்தால் நிலம் அவ்வளவு உறுதியாக இல்லை. சைபீரியாவுக்கு வடக்கே உள்ள காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும் செப்டம்பரில் மத்திய இந்தியாவில் பெய்யும் மிகக் கனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவா மைய ஆய்வாளர்கள் 2021இல் எழுதினார்கள்: திறந்த கடலின் வெப்பம் மேல்வளியின் அலைகளை மாற்றுகிறது, அந்த அலைகளின் ஒரு முனை மேற்காசியாவைத் தாண்டி நம் பக்கம் நீள்கிறது, சூடான அரபிக்கடல் ஈரத்தைத் தருகிறது என்பது வாதம். காரணச் சங்கிலி நீளமானது. பதிவுகளோ சில பத்தாண்டுகளுக்கு உரியவை. நான் இதை ஒரு நல்ல கருதுகோளாகவே வைத்துக்கொள்கிறேன்.

வியாழன், ஸ்மீரன்பர்க்

ஆம்ஸ்டர்டாம் தீவின் மணற்கரையில் 17ஆம் நூற்றாண்டு டச்சு வேட்டையர்கள் திமிங்கிலக் கொழுப்பை உருக்கிய அடுப்புகளின் எச்சம் வட்ட வட்டமாகக் கிடக்கிறது, எண்ணெயும் மணலும் கெட்டித்து ஒரு சிமெண்டுபோல. கரையில் அதிக நேரம் விடவில்லை. கனத்த மூடுபனியில் வெள்ளைக் கரடி கண்ணுக்குத் தெரியாது என்பது துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகளின் கவலை.

இவ்வளவு வடக்கே அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்கள் எப்படி வந்தன என்பதற்கு விடையும் அதே நீரோட்டம்தான். ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடமேற்கே, சுற்றிலும் பனி இருக்க, ஆண்டில் பல மாதங்கள் திறந்திருக்கும் ஒரு கடற்பகுதி உண்டு. அதற்குத் திமிங்கில வேட்டையர் குடா என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விட்பி ஊர்த் திமிங்கிலத் தலைவன் வில்லியம் ஸ்கோர்ஸ்பி இந்தக் கடலில் ஆழத்து நீரை மேலே எடுத்து அளந்து, கீழே உள்ள நீர் மேற்பரப்பைவிடச் சூடாக இருப்பதைக் கண்டுபிடித்தார். தொழில் வேட்டை, ஆர்வம் அறிவியல். அவருடைய அளவீடுகள் இன்றும் மதிக்கப்படுகின்றன.

வெள்ளி, 80 பாகைக்கு வடக்கே

அதிகாலையில் (இங்கே அதிகாலை என்பது கடிகாரத்தில் மட்டும்) கப்பல் வேகத்தைக் குறைத்தபோது எழுந்துவிட்டேன். முதலில் தனித்தனித் துண்டுகள், பிறகு கைப்பிடிச் சுவருக்கு அப்பால் கண்ணுக்கெட்டியவரை உடைந்த வெண்பரப்பு. மாலுமி மேடைத் திரையில் நீரின் வெப்பநிலை சிறிது நேரத்திலேயே பல பாகைகள் இறங்கிப் பூச்சியத்துக்குக் கீழே போனது. ஒரு கடல் முடிந்து இன்னொன்று தொடங்கியதுபோலத் தோன்றினாலும், முந்தைய கடல் முடிந்துவிடவில்லை. அது பனியின் கீழே இறங்கிவிட்டது.

இங்கே உவர்ப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நன்னீர் 4 பாகையில் மிக அடர்த்தியாகி, அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகிவிடும். கடல்நீரோ உறையும்வரை கனத்துக்கொண்டே போகும். ஆர்க்டிக் கடலின் மேற்பரப்பில், சைபீரிய ஆறுகள் கொட்டும் நன்னீராலும் பனி உருகும் நீராலும் உவர்ப்புக் குறைந்திருப்பதால், உறைநிலைக் குளிரிலும் அது இலேசாக மிதக்கிறது. தெற்கிலிருந்து வரும் அட்லாண்டிக் நீர் சூடானது, ஆனால் உவர்ப்பு மிகுந்தது, ஆகவே கனமானது. குளிர்ந்த இலேசான மேல்நீருக்கு அடியில் அது நழுவிப்போய், சில நூறு மீட்டர் ஆழத்தில் துருவக் கடல் முழுவதையும் சுற்றிவருகிறது. இந்த இரண்டுக்கும் இடையே உவர்ப்பு சட்டென்று மாறும் அடுக்குதான் மூடியாக நின்று கீழுள்ள வெப்பத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது. 1893 முதல் 1896 வரை ஃப்ராம் கப்பலைப் பனியில் வேண்டுமென்றே சிக்கவைத்து மிதந்துசென்ற ஃப்ரிட்யோஃப் நான்சென், குளிர்ந்த மேல்நீருக்குக் கீழே பூச்சியத்துக்கு மேற்பட்ட வெப்பநிலை கொண்ட நீர் பரந்து கிடப்பதைப் பதிவுசெய்தார். அவர் எதிர்பார்த்தது ஆழமற்ற துருவக் கடல். கிடைத்தது 3,000 மீட்டருக்கும் ஆழமான ஒன்று.

அந்த மூடி இப்போது ஸ்வால்பார்டுக்கு வடக்கிலும், அங்கிருந்து கிழக்கே, ஆர்க்டிக் கடலின் ஐரோப்பிய, ஆசியப் பக்க ஆழ்பகுதியான யூரேசியப் படுகையிலும் தளர்ந்துவருகிறது. அட்லாண்டிக் நீரின் மேல் எல்லை உயர்ந்து, அதன் வெப்பம் குளிர்காலக் கலப்பில் மேற்பரப்பை எட்டி, பனி உருவாவதையே குறைக்கிறது. 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று யூரேசியப் படுகையின் கிழக்குப் பகுதியும் இந்த வழியில் அட்லாண்டிக் தன்மை பெற்றுவருவதைக் காட்டியது. ஆர்க்டிக் பனி மேலிருந்து சூரியனால் உருகுகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அடியிலிருந்து வரும் உருகலுக்குக் கோடை தேவையில்லை.

சூரியனின் பங்கும் சிறியதல்ல. பனித்தூவல் மூடிய கடற்பனி, விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும்; திறந்த கடல் 10 சதவீதம்கூட அனுப்பாது. செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கிய காலத்தில் செப்டம்பரில் ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவியிருந்த ஆர்க்டிக் கடற்பனி, 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. அந்த ஆண்டின் தாழ்நிலை பின்னர் முறியடிக்கப்படவில்லை என்பதைச் சிலர் மீட்சியாகக் காட்டுகிறார்கள். 1980களின் பரப்பு அதன்பின் ஒருமுறைகூடத் திரும்பவில்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாகும். 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது.

மதியம் ஒரு வெள்ளைக் கரடி தெரிந்தது, தொலைநோக்கியில் மட்டும். 2025 முதல் குறைந்தது 300 மீட்டர் விலகி நிற்பது சட்டம். கப்பல் ஒரு பக்கம் சாயும் அளவுக்கு எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

சனி, மேற்குக் கரையோரம்

தெற்கே திரும்பும்போது அலை கடுமை. மேற்கே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், கிரீன்லாந்து. இடையில் இருப்பது ஃப்ராம் நீரிணை. ஆர்க்டிக் கடலுக்கும் உலகின் பிற கடல்களுக்கும் இடையே உள்ள ஒரே ஆழமான வாசல் இது. இதன் கிழக்கு ஓரத்தில் வெப்பமும் உப்பும் வடக்கே நுழைகின்றன. மேற்கு ஓரத்தில் கிழக்குக் கிரீன்லாந்து நீரோட்டம் குளிர்ந்த நன்னீரையும் பனியையும் தெற்கே இறக்குகிறது. ஆர்க்டிக்கின் கடற்பனிப் பரப்பில் ஏறத்தாழ 10 சதவீதம் ஆண்டுதோறும் இந்த வழியாக வெளியேறுகிறது. 1997இலிருந்து ஜெர்மானிய, நார்வேஜிய ஆய்வு நிறுவனங்கள் நீரிணைக்குக் குறுக்கே கருவிகளை நங்கூரமிட்டு வைத்திருக்கின்றன. உள்ளே செல்லும் அட்லாண்டிக் நீர் 2010 வரையிலான பதிவில் ஆண்டுக்குச் சுமார் 0.06 பாகை வீதம் சூடாகியிருந்தது.

துருவக் கடல் உலகுக்குத் திருப்பித் தருவது என்ன என்று கேட்டால், முதலில் கனமான நீர். நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே உள்ள நார்டிக் கடல்களில் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் கனத்த நீர், கிரீன்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே உள்ள கடலடி மேட்டைத் தாண்டி வினாடிக்குச் சுமார் 60 லட்சம் கன மீட்டர் அளவில் அட்லாண்டிக்கின் ஆழத்தில் விழுகிறது. உலகின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் கொட்டுவது இதில் ஐந்தில் ஒரு பங்குதான். மேட்டைத் தாண்டும் நீரில் ஏறத்தாழ பாதி கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே உள்ள டென்மார்க் நீரிணையின் வழியே இறங்குகிறது. யாராலும் பார்க்க முடியாத அந்த நீர்வீழ்ச்சிதான் பூமியின் மிகப்பெரியது. தெற்கே அண்டார்க்டிகாவின் வெட்டெல் கடலிலும் ராஸ் கடலிலும் பனி உறையும்போது பிரியும் உப்பு, இதைவிடவும் கனமான நீரை உண்டாக்கிப் பெருங்கடல்களின் அடித்தரையில் பரப்புகிறது. இரு துருவங்களிலும் இப்படி மூழ்கும் நீர்தான் வெப்பத்தையும் காற்றிலிருந்து கரைந்த கரியமில வாயுவையும் பல நூறு ஆண்டுகளுக்கு ஆழத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

இந்த இயக்கம் எளிதில் கலங்கக்கூடியது என்பதற்கு ஏற்கெனவே ஒரு சான்று உண்டு. 1960களின் இறுதியில் வழக்கத்தைவிட மிகுந்த பனியும் நன்னீரும் ஃப்ராம் நீரிணை வழியே வெளியேறின, கூடுதல் அளவு ஏறத்தாழ 2,000 கன கிலோமீட்டர். அந்த நன்னீர்த் திட்டு கிரீன்லாந்தைச் சுற்றி லாப்ரடார் கடலுக்குப் போய், அங்கே சில குளிர்காலங்களுக்கு நீர் ஆழத்தில் மூழ்குவதையே தடுத்துவிட்டு, வட அட்லாண்டிக்கை வலம்வந்து 1970களின் இறுதியில் நார்வே கடலுக்குத் திரும்பியது. இப்போது கிரீன்லாந்தின் நிலப்பனியும் ஆண்டுக்குச் சராசரியாக 25,000 கோடி டன்னுக்கு மேல் இழப்பாகி அதே கடற்பகுதிகளில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

திங்கள், ஆஸ்லோ

விமான மாற்றத்துக்கு இடையே கிடைத்த அரைநாளில் பிக்டோய் தீபகற்பத்தில் உள்ள ஃப்ராம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். முழுக் கப்பலையும் கூரைக்குள் வைத்திருக்கிறார்கள், உள்ளே ஏறி நடக்கலாம். பனி நெருக்கும்போது நசுங்காமல் மேலே வழுக்கி எழும்படி அதன் அடிப்பகுதி உருண்டையாக இருப்பதை அருகில் நின்றால்தான் உணர முடிகிறது.

இந்தக் கப்பலின் மேல்தளத்திலிருந்து நான்சென் கவனித்த ஒன்று, பனி காற்று வீசும் திசையில் நேராகப் போகாமல் 20 முதல் 40 பாகை வலப்புறம் விலகி மிதந்தது என்பது. பூமியின் சுழற்சியே காரணம் என்று ஊகித்த அவர், கணக்கை ஸ்வீடன் நாட்டு இளைஞர் வாக்ன் வால்ஃப்ரிட் எக்மனிடம் கொண்டுசேர்த்தார். 1905இல் எக்மன் வெளியிட்ட விளக்கம் கடலியலின் அடிப்படைகளுள் ஒன்றாகிவிட்டது. இந்த விளக்கம் இல்லாமல் இன்றைய ஆர்க்டிக்கின் முக்கியமான கேள்வி ஒன்றைப் புரிந்துகொள்ள இயலாது. அலாஸ்காவுக்கு வடக்கே போஃபர்ட் சுழல் என்ற இடத்தில் காற்று வலஞ்சுழியாக வீசுகிறது. அது மேல்நீரை வலப்புறமாக, அதாவது சுழலின் நடுவை நோக்கித் தள்ளுவதால், ஆற்று நீரும் பனியுருகு நீரும் அங்கே தேங்குகின்றன. 2000களுக்குப் பிறகு அந்தத் தேக்கம் மிகவும் பெருகியிருக்கிறது. காற்று தளர்ந்தால் அந்த நீர் ஃப்ராம் நீரிணை வழியாகவும் கனடாத் தீவுகளுக்கு இடையே உள்ள நீரிணைகள் வழியாகவும் தெற்கே இறங்க வேண்டியதுதான். முன்பு சொன்ன 2,000 கன கிலோமீட்டரை நினைத்துப் பார்த்தால் ஆய்வாளர்கள் இந்தச் சுழலை ஏன் இவ்வளவு கவனமாக அளக்கிறார்கள் என்பது தெரியும்.

சூடான மேல்நீர் வடக்கே போய், குளிர்ந்து மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்பும் அட்லாண்டிக் சுழற்சி நின்றுவிடப்போகிறது என்ற தலைப்புச் செய்திகளைப் பற்றி, சனிக்கிழமைப் பதிவைப் படித்த நண்பர் கேட்டிருந்தார். 26.5 பாகை வட அட்சத்தில் அந்தச் சுழற்சியை நேரடியாக அளக்கும் கருவி வரிசை 2004இல்தான் தொடங்கியது. அதன் சராசரி வினாடிக்குச் சுமார் 170 லட்சம் கன மீட்டர், ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமும் பெரிது. 2021இல் ஐ.நா. காலநிலை மாற்றக் குழுவின் அறிக்கை, இந்த நூற்றாண்டில் அது வலுவிழப்பது மிகவும் சாத்தியம் என்றும், 2100க்கு முன் திடீரென முறியாது என்பதில் நடுத்தர நம்பிக்கையே இருக்கிறது என்றும் எழுதியது. பின்னர் வந்த சில ஆய்வுகள் அபாயத்தை இன்னும் முன்கூட்டியே வைக்கின்றன, அவற்றின் முறைகளை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அறிக்கையின் வாசகத்தோடு நிற்கிறேன். வலுவிழத்தல் மட்டுமே நேர்ந்தாலும், வட ஐரோப்பாவின் குளிர்காலத்தையும் அமெரிக்கக் கிழக்குக் கரையின் கடல்மட்டத்தையும் வெப்பமண்டல மழைப்பட்டையின் இருப்பிடத்தையும் மாற்ற அது போதும்.